செப்டம்பரில் பிறந்தவள்

சான் விதால் ஊரில் மே மாதத்துக்கும் அக்டோபருக்கும் நடுவில் பிறந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. நீக்ரோஸ் தீவில் மற்ற ஊர்க்காரர்கள் எல்லா மாதத்திலும் பிறந்து தொலைக்கிறார்கள். இந்த ஊரில் மட்டும், ஏப்ரல் கடைசியில் அரவை முடிந்ததென்று சர்க்கரை ஆலையின் விசில் ஊதியதும், வளர்கிற எல்லாம் நின்றுவிடும். முடி வளராது, நகம் வளராது, அடைகாக்கும் கோழி சும்மா உட்கார்ந்திருக்கும், தென்னங்கள் புளிக்காது, வயிற்றுப் பிள்ளை அன்றைக்கு எத்தனை மாதமோ அத்தனை மாதத்திலேயே சுருண்டு கிடக்கும். அக்டோபரில் முதல் லாரிக் கரும்பு வாசலுக்குள் வந்து விசில் மறுபடி ஊதினால், எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடரும். பதினாலு மாதம் சுமப்பது அங்கே சாதாரணம். செத்த காலம் என்று அதற்குப் பெயர். ரொட்டிக்கடைக்காரர் அந்த மாதங்களில் உப்பவே தேவையில்லாத பியாயா என்ற வெல்லம் வைத்த தட்டை ரொட்டியைச் சுட்டு விற்பார். முடிவெட்டுகிறவர் கடையைப் பூட்டிக்கொண்டு மீன்பிடிக்கப் போய்விடுவார்.

கரும்பு மட்டும் வளரும், அதுவும் கண்மண் தெரியாமல். ஊர் மொத்தத்தின் வளர்ச்சியையும் கரும்பு கடனாக வாங்கிக்கொள்கிறது, அரைக்கும்போது அந்தக் கரும்பின் சக்கையே ஆலையின் பாய்லரில் எரிந்து, ஆவியாகி, விசில் வழியாக ஊருக்குத் திரும்பி வருகிறது. இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அநியாயம் என்று யாரும் சொன்னதில்லை. கூலியும் அங்கே அப்படித்தான் வந்தது: ஆறேழு மாதம் உண்டு, மிச்ச மாதம் கிடையாது. ஆண்கள் செத்த காலத்தில் மணிலாவுக்குக் கப்பலேறி, கட்டட வேலை பார்த்துவிட்டு, போனபோது இருந்த அதே முடியோடு திரும்பி வருவார்கள்.

லிப்ராடா ஆலையின் சாராயக் கூடத்தில் ஈஸ்ட் தொட்டி பார்த்தவள். நுரையின் சத்தத்தை வைத்தே அது பசியில் இருக்கிறதா வயிறு நிறைந்திருக்கிறதா என்று சொல்வாள். புருஷன் செல்மோ கரும்பு லாரி ஓட்டினான். கல்யாணமான இரண்டாம் வருஷம் அவளுக்கு ஒரு பிள்ளை உண்டானது. ஆறு மாதத்தில் செத்த காலம் வந்தது. அந்த வருஷம் பார்த்துச் சர்க்கரை விலை படுத்துவிட்டது. ஆலை அக்டோபரில் திறக்கவில்லை, கிறிஸ்துமஸுக்கும் திறக்கவில்லை, மறு வருஷமும் திறக்கவில்லை. கடைசியில் ஒருநாள் விசில் ஊதி, ஊரெல்லாம் மாவு உப்பியது, கோழிக்குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. மருத்துவச்சி உர்சிங், லிப்ராடாவின் வயிற்றில் காதை வைத்துவிட்டு வெகுநேரம் எடுக்கவில்லை. "இந்தாய்" என்று மகளைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு, "பையன் காத்துக் காத்துத் தூங்கிட்டான்டி" என்றாள். கோயிலுக்குப் பின்னால் புதைத்தார்கள். அதற்குப் பிறகு லிப்ராடா அந்த விசிலை நம்பவில்லை. பல வருஷம் பிள்ளையே வேண்டாமென்று இருந்தாள்.

பிறகு புது ஆலை வந்தது. பழைய ஆலையின் உருளைகள் தேய்ந்துவிட்டன, இந்த அரவையோடு அதை நிரந்தரமாக மூடப்போகிறோம் என்றார்கள். பக்கத்திலேயே, மலைபோல் குவிந்து கிடந்த கரும்புச் சக்கைக்கு அருகில், வெள்ளைத் தொட்டிகளும் வளைந்து வளைந்து போகும் குழாய்களுமாக ஒன்றைக் கட்டினார்கள். சக்கையையும் வயலில் வீணாகக் கொளுத்துகிற காய்ந்த தோகையையும் அழுத்தத்தில் வேகவைத்து, நாருக்குள் ஒளிந்திருக்கும் சர்க்கரையைப் பிரித்து, ஒரு தொட்டியில் வண்டிக்கு ஊற்றும் எரிசாராயம், இன்னொரு தொட்டியில் பிளாஸ்டிக்குக்குப் பதிலான ஒரு பொருள், மிஞ்சுகிற கறுப்புத் தூளை எரித்துப் பாய்லருக்கு ஆவி. எதுவும் வீணில்லை. முக்கியமாக, பன்னிரண்டு மாதமும் ஓடும். செத்த காலம் கிடையாது. மணிலாவிலிருந்து வந்த இன்ஜினியர் ரோவேனா இதைச் சொன்னபோது லிப்ராடா மறுபடி கேட்டாள். "பன்னிரண்டுன்னா பன்னிரண்டேதானா?" ரோவேனா ஆமென்றாள். அந்தத் தைரியத்தில்தான் லிப்ராடா இரண்டாம் பிள்ளைக்குத் துணிந்தாள்.

ஊர்க்காரர்கள் செய்த தப்பு அன்பினால் செய்தது. வேறு எந்த ஊர்க்காரனும் அதைச் செய்திருக்க மாட்டான். பழைய ஆலையின் கடைசி நாளன்று கடைசிக் கரும்பு லாரிக்கு மாலை போட்டார்கள், பேண்டு வைத்தார்கள், முழுப் பன்றி சுட்டார்கள். விசில் ஊதுகிற பிடியோங் கிழவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, அழுதபடியே கயிற்றில் தொங்கினார். பாய்லரில் இருந்த ஆவி தீர்ந்து, விசில் முனகி, இருமி, அடங்கும்வரை விடவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். வருஷா வருஷம் ஊதுவதுதானே! இனி எந்த அக்டோபரில், எந்தப் பாய்லரில் திறப்பு விசில் ஊதும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

லிப்ராடா அப்போது புது ஆலையில் மூன்றாம் தொட்டியின் மேல்படியில் நின்றிருந்தாள். ஏழு மாத வயிறு. முதல் வாரமாகக் கொதித்துக்கொண்டிருந்த நுரை, அடுப்பிலிருந்து இறக்கிய பால்போல அவள் கண்ணெதிரே தணிந்தது. வயிற்றில் கையை வைத்தாள். அங்கேயும் அசைவு நின்றிருந்தது. படிகளில் தடதடவென்று இறங்கி, வயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேண்டு சத்தத்தை நோக்கி ஓடினாள்.

"மனோங் பிடியோங்! அண்ணே! மூடுறதுக்கு ஊதிட்டியே, திறக்கிறதுக்கு எதை வெச்சு ஊதுவே?"

பன்றிக்கறி வாயிலிருக்க, கூட்டம் அப்படியே நின்றது. "அய்யோ, பழக்கதோஷத்துல ஊதிட்டேன் இந்தாய்" என்று சொல்லிக் கிழவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ரோவேனா படித்தவள், இதை நம்ப அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரம் முழுவதும் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நம்பினாள், நம்பியபின் லிப்ராடாவைவிடப் பிடிவாதமாக வேலை பார்த்தாள். மணிலாவிலிருந்து புது ஈஸ்ட் வரவழைத்தார்கள். அது ஒருநாள் நன்றாகப் பொங்கியது, மறுநாள் ஊர் வழக்கத்தைப் பழகிக்கொண்டு படுத்துவிட்டது. பழைய விசிலைக் கழற்றிப் புதுப் பாய்லரில் மாட்டி, குவியலிலிருந்த சக்கையை எரித்து ஊதிப் பார்த்தார்கள். நாய்கள் ஊளையிட்டதோடு சரி. "அது போன வருஷச் சக்கை இன்ஜினியர். அதுல இருந்ததைப் போன அக்டோபர்லயே ஊர் வாங்கித் தின்னாச்சு. வெறும் ஆவியை ஊதினா வெறும் சத்தம்தான் வரும்" என்றார் பிடியோங். ரோவேனா தலையை ஆட்டினாள். அவள் இப்போது இதையெல்லாம் கணக்கில் சேர்த்துக்கொள்ளப் பழகியிருந்தாள். கம்பெனிக்காரர்கள் ஆகஸ்ட்வரை பார்ப்போம், ஓடாவிட்டால் தொட்டிகளைக் கழற்றி வேறு தீவுக்குக் கொண்டுபோகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

வயலில் நிற்கிற புதுக் கரும்பும் அக்டோபரில் பக்கத்து ஊர் ஆலைக்குப் போவதாக முடிவாகியிருந்தது. "நம்ம ஊர் உயிரையெல்லாம் லாரியில ஏத்தி அனுப்பப் போறோம். அங்க விசில் ஊதினா அங்க இருக்கிறவளுக்குப் பொறக்கும். நல்லா இருக்குடி நியாயம்" என்று உர்சிங் வெற்றிலையைத் துப்பினாள். ஊரில் அப்போது லிப்ராடாவோடு சேர்த்து ஆறு பேர் வயிற்றோடு இருந்தார்கள். ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள்.

மே கடைசியில் செல்மோ மணிலாவுக்குக் கிளம்பினான். போகாமல் இருந்தால் சோறு இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு ஹசியெந்தா என்ற பெரிய பண்ணையின் கரும்பு வயல் நடுவே குறுக்குப் பாதை. இடுப்பளவு வளர்ந்திருந்த கரும்புக்குள் அவன் முன்னால் பையோடு போக, லிப்ராடா பேசாமல் பின்னால் வந்தாள். அழுதால் அவன் போகமாட்டான், போகாவிட்டால் பட்டினி, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் சட்டென்று நின்றாள்.

"செல்மோ. உதைக்குது."

"எது?"

"உங்கப்பன். பிள்ளைதான்டா, வேறென்ன! கையைக் கொண்டா."

அவன் கையை வைத்தான். உதைத்தது. இரண்டு பேரும் ரோட்டுக்கு ஓடினார்கள், நின்றுவிட்டது. மறுபடி கரும்புக்குள் வந்தார்கள், உதைத்தது. ரோட்டுக்கும் வயலுக்குமாக அவர்கள் போய்வந்துகொண்டிருந்ததைப் பார்த்து பஸ் ஓட்டுநர் ஹாரன் அடித்தார், திட்டினார், போய்விட்டார். செல்மோவின் பை வயலிலேயே கிடந்தது. வளர்ச்சி எல்லாம் கரும்புக்குப் போகிறதென்றால், கரும்பு நிற்கிற இடத்தில் அது இருக்கத்தானே செய்யும்! இத்தனை வருஷம் ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் அந்தக் குறுக்குப் பாதையில் போனதில்லை, வழுக்கும் என்று உர்சிங் தடுத்து வைத்திருந்தாள்.

மறுநாளே உர்சிங் தன் தப்புக்குப் பரிகாரமாக ஆறு பேரையும் குடையும் நாற்காலியுமாக வயலில் கொண்டுவந்து உட்காரவைத்தாள். ஆறு வயிறும் அசைந்தது. பெண்கள் சிரித்தார்கள், அழுதார்கள், சோற்றை அங்கேயே வரவழைத்துச் சாப்பிட்டார்கள். லிப்ராடா மட்டும் உட்காரவில்லை. கரும்பு ஆள் உயரத்துக்கு வந்துவிட்டால் பாம்பு வரும், அக்டோபரில் வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதைவிட முக்கியமாக வேறொன்று அவள் மனதில் இருந்தது.

"இங்க குந்திக்கிட்டே இதைப் பெத்துடலாம் மனாங், அக்கா. பெத்தபின்னாடி? அது வளரணுமே! அதுக்குப் பல்லு முளைக்கணுமே! தொட்டில்ல போட்டு வயல்லயே வெச்சிருக்கட்டுமா?"

லிப்ராடா நேராக ரோவேனாவிடம் போனாள். வயலில் புளிக்கிற சாராயத்தில் இந்த வருஷத்து வளர்ச்சி இருக்கும், அதை எரித்து ஆவியாக்கி விசில் ஊதலாம் என்றாள். சக்கையை வேகவைப்பதும் சர்க்கரையைப் பிரிப்பதும் உயிருள்ள எதுவும் தேவைப்படாத வேலை, அது மட்டும் நின்றிருக்கவில்லை. அந்தப் பழுப்புக் கூழைத் தென்னங்கள் ஜாடிகளில் நிரப்பினார்கள். படுத்துக் கிடந்த ஈஸ்ட்டைக் கலந்தார்கள். செல்மோ லாரியில் ஏற்றி வந்து, கரும்பு வரிசைகளுக்கு நடுவே குழிவெட்டி இறக்கினான். ஒவ்வொரு குழிக்கும் முன்னால், மண்ணுக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் "தாபி-தாபி, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க" என்று எல்லாரும் சொன்னார்கள், ரோவேனாவும் சொன்னாள். விடிந்து பார்த்தால் ஜாடிகள் அத்தனையும் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தன. லிப்ராடா மண்டியிட்டு ஒரு ஜாடியில் காதை வைத்தாள். அகோரப் பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாள்!

ஜாடியைச் சுற்றியிருந்த கரும்பு அன்றோடு வளர்வதை நிறுத்தியது. ஒரு வாரத்தில் வயல், தலையில் சொட்டை விழுந்ததுபோல ஆங்காங்கே குட்டையாகத் தெரிந்தது. ஹசியெந்தா முதலாளி பகோலோத் நகரத்தில் இருந்தார், அவருக்குத் தகவல் போயிற்று. ஜாடிகளை உடைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மேஸ்திரி கூலாஸ் கையில் தடியோடும் பின்னால் நாலு ஆளோடும் வந்தார். முதல் ஜாடியின் மேல் அவர் பெண்டாட்டி நேனா எட்டு மாத வயிற்றோடு உட்கார்ந்து பியாயா தின்றுகொண்டிருந்தாள்.

"எந்திரி நேனா. முதலாளி உத்தரவு."

"நான் எந்திரிக்கிறேன். உன் பிள்ளைகிட்ட நீயே சொல்லு, முதலாளிக்குக் கரும்பு ஒரு முழம் குறையுதாம், அதனால நீ பொறக்க வேண்டாம்னு. சொல்லு, காது கேக்கும் அதுக்கு."

கூலாஸ் தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். லிப்ராடா அவர் எதிரே வந்து நின்றாள்.

"மனோங் கூலாஸ், என் முதல் பிள்ளை எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியும். குழி வெட்டினதே நீங்கதான். இன்னொரு குழி வெட்டுறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இல்லேன்னா வழியை விடுங்க, வேலை கிடக்கு."

நாலு ஆளும் தரையைப் பார்த்தார்கள். கூலாஸ் தடியைக் கீழே போட்டார். பிறகு, சும்மா நின்றால் மரியாதையாக இருக்காதென்று, ஜாடி தூக்க ஒரு கை கொடுத்தார். முதலாளிக்கு, எலி தின்றுவிட்டது என்று தகவல் சொன்னார். அந்த வருஷம் சான் விதாலில் எலி அதிகம் என்றுதான் பகோலோத்தில் இன்றைக்கும் பேச்சு.

ஜூன் முழுக்க வயலில் புளிக்கவைத்ததைப் புது ஆலைக்குக் கொண்டுபோய் வடித்தார்கள். கண்ணாடிபோலத் தெளிந்த சாராயம், பச்சைத் தோகை வாசத்தோடு, சொட்டுச் சொட்டாக இரண்டு டிரம் சேர்ந்தது. ஊர் ஆண்கள் அந்தப் பக்கம் அடிக்கடி வேலை இருப்பதுபோல் நடமாட ஆரம்பித்ததும், லிப்ராடா டிரம்மின் மேல் பாயை விரித்து ஏறி உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் பிடியோங்கே வந்தார்.

"ஒரு மூடி மட்டும் இந்தாய். ருசி பார்க்காம, நல்லதா கெட்டதான்னு எப்படித் தெரியும்?"

"நீ குடிச்சா உன் மூக்குலதான் விசில் ஊதும். போ அந்தப் பக்கம்."

ஜூலையில், மழை கொட்டிய ஒரு காலையில் அந்தச் சாராயத்தை எரித்துப் பாய்லரை மூட்டினார்கள். வழக்கப்படி வெள்ளைச் சேவலின் ரத்தத்தைப் பாய்லர் கதவில் தெளித்தார்கள். கரும்புக்குப் பதிலாக, வழக்கமாகக் கொளுத்திவிடுகிற காய்ந்த தோகையை ஏற்றிக்கொண்டு செல்மோவின் லாரி முதல் வண்டியாக வாசலில் நுழைந்தது. குப்பைக்கு மாலையா என்று சிரித்தவர்கள்தான் மாலையைக் கட்டியும் கொடுத்தார்கள். ரோவேனா கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தாள்: இருக்கிற சாராயத்துக்கு ஒரே ஒரு தடவை ஊதுகிற அளவுக்குத்தான் ஆவி கிடைக்கும். தவறினால் மறுபடி ஜாடி, மறுபடி புளிப்பு, அதற்குள் ஆகஸ்ட் போய்விடும். பிடியோங் கயிற்றைப் பிடித்தார். "என்னால முடியாது, நான் ஊதினா மூடிக்கும்" என்று விட்டுவிட்டார். லிப்ராடா கயிற்றை வாங்கி மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

இழுத்தாள். விசில் முதலில் எச்சில் துப்பியது, அப்புறம் கரகரத்தது, அப்புறம் ஊதியது. பழைய சத்தம் இல்லை. இளம் தோகை வாசம் அடிக்கிற, சற்றே மெல்லிய சத்தம். ஆவி தீர்ந்து, விசில் நின்றது. எல்லாரும் மூன்றாம் தொட்டியைப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ரோவேனா கண்ணை மூடிக்கொண்டாள். செல்மோ மெதுவாக வந்து லிப்ராடாவின் மணிக்கட்டிலிருந்து கயிற்றைப் பிரிக்கப் போனான்.

"தொடாதே" என்றாள் அவள். "சத்தம் போடாம நில்லு."

அவளுக்குத்தான் முதலில் கேட்டது. தொட்டியின் அடியில் எங்கோ ஒற்றைக் குமிழ். பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை, நுரை ஏறி விளிம்பைத் தாண்டிப் படியில் வழிந்தது. தெருவில் ரொட்டிக்காரர், மாவு பொங்கிச் சட்டி மூடியைத் தள்ளிவிட்டது என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். ரோவேனா தன் நகத்தைப் பார்த்தாள். லிப்ராடா அந்தச் சிமெண்டுத் தரையில், கரும்பு ஒரு தண்டுகூடப் பக்கத்தில் இல்லாத இடத்தில், விலாவில் ஓங்கி ஓர் உதை வாங்கினாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் ஓவென்று அழுதாள். செல்மோவும் அழுதான். பிடியோங் இரண்டு பேரையும்விடச் சத்தமாக அழுதார், அவர் எப்போதுமே அப்படித்தான்.

அழுது முடித்ததும் அவள் செய்த முதல் வேலை, விசில் கயிற்றைத் தூணில் கட்டியதுதான். லாரிக் கயிறு கட்டுகிற முடிச்சைச் செல்மோவை விட்டுப் போடவைத்தாள், யாராலும் அவசரத்துக்கு அவிழ்க்க முடியாத முடிச்சு. மறு வருஷம் ஏப்ரலில் கடைசிக் கரும்பு பக்கத்து ஊருக்குப் போனபோது, பிடியோங் அந்தத் தூணருகே போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். புது ஆலை நிற்கவில்லை. கறுப்புத் தூள் எரிகிறது, பாய்லர் ஓடுகிறது, தொட்டிகள் பொங்குகின்றன, ஆண்கள் மணிலாவுக்குப் போவதில்லை. வருஷத்தில் ஐந்து மாதம் இளமையாக இருந்துவந்த கிழவர்கள் சிலர் இப்போது மற்ற ஊர்க்காரர்களைப்போலவே கிழடாகிறோம் என்று முனகினார்கள். முடிவெட்டுகிறவர் மீன்வலையை விற்றுவிட்டார்.

லிப்ராடாவுக்கு, விசில் ஊதிய அதே வருஷம் செப்டம்பரில், காய்ந்த தோகை லாரிகள் வரிசையாக நின்ற ஒரு மத்தியானத்தில், பெண் பிறந்தது. பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் உர்சிங் வயிற்றில் காதை வைத்தாள். லிப்ராடா வலியை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

"என்ன மனாங்? என்ன சொல்லுது?"

"காதே போச்சுடி எனக்கு" என்றாள் உர்சிங், காதைத் தேய்த்துக்கொண்டே. "இவளுக்குக் காத்திருக்கிற பொறுமையே கிடையாது."

பாதிரியார் ஞானஸ்நானம் கொடுக்கும்போது மாதத்தை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். ரொட்டிக்காரர் அந்த மாதத்தில் தன் வாழ்நாளில் முதன்முறையாக உப்பிய கேக் ஒன்றைச் செய்தார், ஒரு பக்கம் சாய்ந்துதான் வந்தது. செல்மோ அதில் ஒரு துண்டைக் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். நேனாவின் பிள்ளை ஆகஸ்டிலேயே பிறந்து, தவழ்ந்து எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. இப்போது சான் விதாலில் எல்லா மாதத்திலும் பிறந்தநாள் வருகிறது. கரும்பு மட்டும் அந்த வருஷத்திலிருந்து ஒரு சாண் குட்டையாகத்தான் வளர்கிறது.